சிம்ஹத் தோரா: நூல் முடியும் நாளின் மகிழ்ச்சி

 

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள கிருஷ்ணன் கோயிலுக்கு நம்மில் பலர் சென்று வந்திருக்கின்றோம். அதே தெருவில் 1878ஆம் ஆண்டில் எழுந்த மகெய்ன் அபோத் என்னும் யூதத் தொழுகைக்கூடத்தைக் கடந்து போயிருப்போமேயன்றி, அதனுள்ளே போற்றப்படுவது யாதென வினவியிருக்க மாட்டோம். யூதர் தொழும் இடங்களில் தெய்வ உருவம் இல்லை. பேழையொன்றினுள் தோலில் கையால் எழுதப்பெற்ற ஏட்டுச் சுருள்கள் உள்ளன. அவையே தோரா, அதாவது, மோசேயின் ஐந்து நூல்கள். அந்நூலுக்கென்றே ஆண்டில் ஒரு நாள் விழா எடுக்கின்றனர். ‘சிம்ஹத் தோரா’ என்னும் அதன் பெயருக்குத் ‘தோராவின் மகிழ்ச்சி’ என்பது பொருள். கூடாரத் திருவிழாவின் நிறைவில், செப்டம்பர் அல்லது அக்டோபர்த் திங்களில் அது வரும்.

தோராவை 54 பகுதிகளாகப் பகுத்து, ஓய்வுநாள்தோறும் ஓதி, ஓராண்டில் முடிப்பது யூதர் மரபு. இறுதிப் பகுதியோ துயரம் நிறைந்தது. நாற்பது ஆண்டுகள் மக்களைப் பாலைநிலத்தின் வழியே நடத்தி வந்த மோசே, நேபோ மலைமீது நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் காண்கின்றார். அதில் கால் வைக்காமலேயே இறக்கின்றார். யூதர் அவரை அரசர் என்றோ தலைவர் என்றோ சுட்டுவதினும் ‘நம் ஆசிரியர் மோசே’ என்று சுட்டுவதே பெருவழக்கு. ஆசிரியர் மறைந்தார், நாடு இன்னும் எட்டவில்லை, நூல் அவ்விடத்தில் நின்றுவிடுகின்றது.

கண்ணீருக்குரிய அவ்விடத்தில்தான் விழா பிறக்கின்றது. இறுதி வரியை ஓதிய அந்நேரமே, உலகப் படைப்பைக் கூறும் ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுகின்றனர். நெடிய சுருளைப் பின்னோக்கிச் சுற்ற நேரம் பிடிக்கும் அன்றோ? அந்த இடைவெளியும் நேராதபடி, மற்றொரு சுருளைத் தொடக்கத்திலேயே நிறுத்தி ஆயத்தமாய் வைத்திருப்பர். முடிப்பவருக்குத் ‘தோராவின் மணமகன்’ என்றும், தொடங்குபவருக்குத் ‘தொடக்கத்தின் மணமகன்’ என்றும் பெயர். நூலின் கடைசி எழுத்து லாமெத். முதல் எழுத்து பேத். இவ்விரண்டையும் இவ்வரிசையில் கூட்டினால் எபிரேயத்தில் ‘லேவ்’, அதாவது இதயம், என்னும் சொல் பிறக்கும். இதனைச் சொல்விளையாட்டென்று ஒதுக்குவாரும் உளர். நாம் ஒதுக்கத் துணியோம். தேர்வு முடிந்த நாளில் நூலை மூடிவைத்து மகிழ்வதே நம் வகுப்பறைகள் கண்ட வழக்கம். இங்கோ மீண்டும் திறப்பதே மகிழ்ச்சியாகின்றது.

12ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற தூதெலா நகரத்துப் பெஞ்சமின் என்னும் யூதப் பயணி ஓர் அரிய செய்தியைக் குறித்துள்ளார். அங்கு இரு சபையார் இருந்தனர். ஒரு சாரார் ஓராண்டிலும், மற்றொரு சாரார் மூன்றாண்டிலும் தோராவை ஓதி முடிப்பர். ஆயினும் இவ்விழா நாளில் இருவரும் ஒன்றுகூடித் தொழுதனர். தம் வாசிப்பு முடியாதவரும் முடித்தவருடன் சேர்ந்து மகிழ்ந்தனர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

விழாவில் சுருள்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஏழு முறை வலம் வருவர், பாடுவர், ஆடுவர். 1663 அக்டோபரில், இன்ன நாளென்று அறியாமல் இலண்டன் தொழுகைக்கூடத்துள் நுழைந்த நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீஸ், தொழுமிடத்தில் இத்துணைச் சிரிப்பும் ஒழுங்கின்மையுமா என்று முகம் சுளித்துத் திரும்பினார். அவர் ஒன்றைக் கருதவில்லை. ஆடும்போது சுருள் மூடியே இருக்கும். திறந்தால் கற்றவர் யார், கல்லாதவர் யார் என்பது தெரிந்துவிடும். தோராச் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை. புள்ளியிடாத நம் பழைய ஓலைச்சுவடிகளைப் போலவே, அதனையும் பிழையின்றி ஓதப் பயிற்சி வேண்டும். மூடிய சுருளைச் சுமக்கவோ கைகள் போதும். பதின்மூன்று வயது நிரம்பாத சிறுவரையும் அன்று அழைத்து, அவர்தம் தலைக்குமேல் தொழுகைச் சால்வையை விரித்து, தோராவுக்குரிய வாழ்த்தைக் கூறச் செய்வர்.

எனினும் ஒரு வினாவை நம்மால் தவிர்க்க இயலவில்லை. படிக்க இயலாதவர் அந்நூலைத் தூக்கி ஆடுவதால் ஆவது என்ன? அது வெறும் சடங்கன்றோ? இவ்வினாவுக்கு மாஸ்கோவே விடை தேடும் இடமாயிற்று. சோவியத் ஆட்சி எபிரேயக் கல்வியை ஒடுக்கியிருந்தது. ஒரு தலைமுறையே தன் மறைநூலின் எழுத்தை அறியாமல் வளர்ந்தது. அத்தகைய இளைஞர்கள் 1960களில், சிம்ஹத் தோரா இரவுகளில், அர்க்கிப்போவா தெருத் தொழுகைக்கூடத்தின் முன் ஆயிரக்கணக்கில் கூடி ஆடினர். 1965இல் அதனை நேரில் கண்ட எழுத்தாளர் எலீ வீசல், மறு ஆண்டே அம்மக்களைப் பற்றி நூல் வெளியிட்டார். ஆடியோருள் பெரும்பாலார்க்கு நூலின் ஒரு வரியும் தெரியாது. தமக்கு அது மறுக்கப்பட்டது என்பது மட்டும் தெரியும்.

அடுத்துவந்த ஆண்டுகளில் அந்நகரின் வீடுகளில் மறைவாக எபிரேய வகுப்புகள் நடந்தன. கற்பித்தவர்களுள் ஒருவரான யோசிப் பெகுன் சிறை சென்றார். 1987இல் விடுதலை பெற்றார். அவ்வகுப்புகளில் பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகளைப் போல, முதல் எழுத்திலிருந்து தொடங்கினர்.