மறைத்த போத்தலும் மூன்று பதில்களும்



விருந்து வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வைன் போத்தலைக் கையில் எடுப்பார். லேபிளைத் தூரப் பிடித்து வாசிப்பார். எந்த ஆண்டு, எந்த ஊர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, விலையையும் மெல்லக் காதில் போடுவார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? "நல்லாயிருக்கு" என்று தலையாட்டிவிட்டு ஆட்டிறைச்சிப் பொரியல் பக்கம் திரும்பிவிடுவார்கள். குடித்தது எப்படி இருந்தது என்று அடுத்த நாள் கேட்டால், லேபிளில் கண்டதைத்தான் ஒப்புவிப்பார்கள்.

நாம் வாழும் இந்த அவுஸ்திரேலியாவில், இதற்கு மருந்தாக ஒரு விளையாட்டையே உண்டாக்கிய மனிதர் இருந்தார். லென் எவன்ஸ் என்று பெயர். 1930இல் இங்கிலாந்தில் பிறந்து, 1950களில் இங்கே வந்து சேர்ந்தவர். சிட்னியில் ஹோட்டல் வேலை பார்த்தார். 1962இல் 'புல்லட்டின்' இதழில் வைன் பற்றிப் பத்தி எழுதத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இந்த நாடு பியர் குடிக்கும் நாடு. வைன் என்று விற்றதில் பெரும்பங்கு போர்ட், ஷெரி போன்ற இனிப்பும் காரமும் கூடிய சரக்குத்தான். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் என்ற பழக்கத்தைப் பரப்பியவர்களில் எவன்ஸ் முன்வரிசை ஆள். பின்னர் ஹண்டர் பள்ளத்தாக்கில் ராத்பரி எஸ்டேட் என்ற வைன் தோட்டம் உருவாகவும் முன்னின்றார். 2006இல் மறைந்தார்.

அவர் நண்பர்களோடு விளையாடியதுதான் 'ஆப்ஷன்ஸ்'. விதி எளிமையானது. போத்தலை மூடி மறைத்து எல்லோருக்கும் கொஞ்சம் ஊற்றுவார்கள். கேள்வி கேட்பவர் ஒருவருக்கு மட்டுந்தான் உள்ளே இருப்பது என்ன என்று தெரியும். அவர் இரண்டு அல்லது மூன்று பதில்களைத் தருவார்: "இது அவுஸ்திரேலியாவா, பிரான்ஸா?" ஒவ்வொருவரும் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். பிறகு திராட்சை வகை, அதன் பிறகு ஊர், கடைசியில் ஆண்டு. சரியாகச் சொன்னவருக்குப் புள்ளி. பெரிய விருந்துகளில் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்துத்தான் தொடங்குவார்கள். தவறாகச் சொன்னவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, ஒன்றும் தெரியாதவருக்கும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதுதான். "இதில் என்ன தெரிகிறது?" என்று வெறுமனே கேட்டால் நம்மில் பலர் வாயே திறக்க மாட்டார்கள். "இதுவா, அதுவா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோவார்கள்.

ஆனால் எவன்ஸின் கேள்வி வரிசை வியாபாரத்தில் இருந்தவர்களுக்கு ஏற்றது. நம் வீடுகளில் அதை அப்படியே வைத்தால், நாட்டையும் ஊரையும் படித்துவைத்தவரே முதலிலிருந்து முன்னால் ஓடுவார். நான் தலைகீழாக வைக்கச் சொல்வேன். முதற்கேள்வி நாக்குக்கு. இரண்டு வைனைப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, எதில் புளிப்புக் கூட என்று கேளுங்கள். விழுங்கிய பிறகு தாடையின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் நாக்கும் காய்ந்து ஒட்டினால் அது துவர்ப்பு, திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. சந்தேகம் இருந்தால், முதல் நாளே பாலும் சீனியும் போடாத சாயத் தேநீரைப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். அதே வறட்சிதான் சிவப்பு வைனிலும். தொண்டைக்குள் இறங்கும்போது சூடு எழும்பினால் மதுசாரம் கூட. இந்த மூன்றுக்கும் எந்தப் புத்தகமும் வேண்டாம். இவற்றைக் கடந்த பிறகு திராட்சை வகைக்கும் ஊருக்கும் போகலாம்.

ஒருமுறை எங்கள் வீட்டு மேசையில், தென் அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் ஒன்றை வைத்தேன். வெள்ளை வைன், நல்ல முதிர்ச்சி. "மூன்று வயதா, பத்து வயதா?" என்பது கேள்வி. எல்லோரும் மணந்து பார்த்தார்கள். யாரோ எலுமிச்சை என்றார்கள், இன்னொருவர் தேன் என்றார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அக்கா ஒருவர் கிளாஸை இரண்டு தரம் சுழற்றி மணந்துவிட்டுத் தயங்கினார்.

"சொல்லட்டோ? கோபிக்க மாட்டீங்கள்தானே? இது மண்ணெண்ணெய் மணக்குது."

மேசையே சிரித்தது. அவர் விடவில்லை. "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்ச ஆக்கள். எனக்கு அந்த மணம் பிழைக்காது. இதுக்குப் பத்து வயசு."

சரியான பதில். ரீஸ்லிங் போத்தலுக்குள் முதிரும்போது டிடிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்மம் கூடிக்கொண்டு போகும். வெயில் நன்றாகப் படும் தோட்டத்துத் திராட்சையில் அதற்கான மூலப்பொருள் அதிகம். மண்ணெண்ணெய், பெற்றோல் என்று வைன்காரர்களே அந்த வாசனையைச் சொல்கிறார்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது, மின்சாரம் இல்லாத வீட்டில், ஒரு துளி எண்ணெயையும் வீணாக்காமல் திரி எரித்த மூக்குக்கு, பயிற்சி வகுப்பு எதற்கு? வைன் புத்தகங்களில் வரும் பிளாக்பெரியையும் கூஸ்பெரியையும் நம்மில் பலர் கண்ணாலும் கண்டிருக்க மாட்டோம். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து என்ன பயன்? கொய்யாக்காய், புளியங்காய், மழை பெய்த மண், புதுக் கொப்பியின் தாள் என்று உங்களுக்கு வருவதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஷிராஸ் என்ற சிவப்பு வைன் வரும்போது ஒருவர் "மிளகு!" என்பார், பக்கத்தில் இருப்பவர் "எங்கே மிளகு? நீ கற்பனை செய்கிறாய்" என்பார். இருவரையும் பொய்யராக்க வேண்டியதில்லை. அடிலெய்டில் உள்ள அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் இதற்குக் காரணத்தை வெளியிட்டார்கள். ரொட்டண்டோன் என்ற சேர்மம். நம் ரசத்துக்குப் போடும் கருமிளகில் மணப்பதும் அதுவே. அவர்கள் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை, அளவைக் கூட்டிக் கொடுத்தும், தெரியவே இல்லை. ஆகவே ஷிராஸ் ஊற்றுவதற்கு முன்னால் மிளகைப் பொடித்து ஒரு சிறு தட்டில் சுற்றுக்கு விடுங்கள். அந்த மணம் சரியாகப் பிடிபடாதவர் யார் என்று ஓரளவு ஊகிக்கலாம். குளிரான இடத்தில் விளைந்த ஷிராஸில் மிளகு தூக்கலாக இருக்கும். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பக்கத்து வைன் அதற்கு நல்ல உதாரணம். வெயிலூரான பரோசாவின் ஷிராஸையும் பக்கத்தில் வைத்தால் "எது குளிர் ஊர்?" என்று கேட்கலாம்.

கேள்வி போடுபவருக்குக் கொஞ்சம் கள்ளத்தனமும் வேண்டும். சிட்னியிலிருந்து வடக்கே இரண்டு, இரண்டரை மணி நேர ஓட்டத்தில் ஹண்டர் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே செமியோன் என்ற வெள்ளைத் திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுவார்கள். அதனால் மதுசாரம் 10, 11 வீதத்தோடு நின்றுவிடும். புதிதில் தேசிக்காய்த் தண்ணீர் மாதிரிக் கூர்மையாக இருக்கும். பத்து ஆண்டு போத்தலில் கிடந்தால் பொன்னிறமாகி, வாட்டிய பாணும் தேனும் மணக்கத் தொடங்கும். அதை ஊற்றிவிட்டு, "ஓக் மரப் பீப்பாயில் வைத்ததா, வைக்காததா?" என்று கேளுங்கள். வாட்டிய வாசனைக்கு ஏமாந்து பெரும்பாலானோர் பீப்பாய் என்பார்கள். வழக்கமான ஹண்டர் செமியோன் பீப்பாயைக் கண்டதே இல்லை. காலம் மட்டுமே செய்த வேலை. வைன் வகுப்புக்குப் போய்வந்த நண்பர்களை வீழ்த்த இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

இனி ஏற்பாடுகள். போத்தலைச் சாக்ஸுக்குள் போட்டுக் கட்டலாம். ஆனால் ரீஸ்லிங் போத்தல் ஒல்லியாக நெடுத்து நிற்கும், ஷிராஸ் போத்தலுக்குப் பெரும்பாலும் தோள் இருக்கும், வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மாதிரிக் கண்ணாடிக் குடங்களில் ஊற்றி இலக்கம் ஒட்டுவது உத்தமம். மூடியைப் பற்றிக் கவலை வேண்டாம். தக்கையால் வரும் கெட்ட வாடையில் வெறுத்துப்போன கிளேர் பள்ளத்தாக்குக்காரர்கள் பலர், 2000ஆம் ஆண்டு ரீஸ்லிங்கைச் சேர்ந்தாற்போலத் திருகு மூடிக்கு மாற்றினார்கள். இன்று இந்த நாட்டில் மலிவுக்கும் விலைகூடியதற்கும் அநேகமாக ஒரே திருகுதான்.

வெள்ளை வைனை விறைக்க விறைக்கக் கொடுத்தால் வாசனை எழும்பாது. இருபது நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் குளிர் வீடுகளில் பிறந்த பேச்சு. சிட்னியின் ஜனவரியில் அறை வெப்பம் 28 பாகைக்கும் போகும்! அதற்கும் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். அகர்பத்தி, சாம்பிராணி, மல்லிகைச் சரம், புதுச் சென்ட் எல்லாம் அன்று விடுமுறை எடுக்கட்டும். தாளிதமும் பிறகு. உறைப்புக் கறி வாயில் பட்டபின் மதுசாரம் இன்னும் எரிக்கும், துவர்ப்பு முரடாகும். ஆட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபின் கறியோடு குடிக்க ஆசைப்படுபவர்களுக்கு, லேசாக இனிக்கும் ரீஸ்லிங் பொருந்தும்.

அளவு முக்கியம். ஒருவருக்கு 30, 40 மில்லிலீட்டர் தாராளம். 750 மில்லிலீட்டர் போத்தல் ஒன்று பதினைந்து பேருக்கு மேல் காணும். நான்கு வைன் என்றாலே 150 மில்லிலீட்டர் பக்கம் போய்விடும். 100 மில்லிலீட்டர் வைனில் ஏறக்குறைய 10 கிராம் மதுசாரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே ஒரு நியம அளவு என்கிறார்கள். வாகனம் ஓட்டும் வழமையான உரிமக்காரருக்கு இரத்தத்தில் 0.05 எல்லை, பழகுநர்களுக்கும் 'பி' தகடுக்காரர்களுக்கும் பூச்சியம். ஆகையால் ஓட்டப்போகிறவர் துப்ப வேண்டும். தொழில்முறைக் கணிப்பாளர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். தாத்தாவின் வெற்றிலைப் படிக்கம் யாருடைய வீட்டிலாவது இருந்தால், அதற்கு இதைவிட நல்ல மறுவாழ்வு கிடைக்காது. வெட்கப்படுகிறவருக்கு ஆளுக்கொரு கடதாசிக் குவளை.

கட்டாயம் கவனிக்க வேண்டியது, பதில் சொல்லும் ஒழுங்கு. வாயால் ஒவ்வொருவராகச் சொன்னால் முதலில் பேசுபவரின் பின்னால் மற்றவர்கள் போய்விடுவார்கள். அண்ணன் சொன்னால் தம்பி மறுப்பாரா? எல்லோரும் ஒரே நேரத்தில் கை தூக்கட்டும், அல்லது துண்டுக் கடதாசியில் எழுதட்டும். விலைக் கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். 15 டொலர் போத்தலுக்கும் 60 டொலர் போத்தலுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கும்போது, மேசையில் எழும் சத்தம் தனி.

மதுவே வேண்டாம் என்கிற வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு இதே விளையாட்டைத் தேயிலையில் வைக்கலாம். இலங்கையின் ஏறத்தாழ 6,000 அடி உயரத்து நுவரெலியாத் தேநீர் வெளிர் நிறத்தில் மெல்லிய மணத்தோடு இருக்கும். தாழ்நிலத்து ருகுணுத் தேநீர் கறுத்து, வாயை நிறைக்கும். ஒரே அளவு தூள், ஒரே கொதிநீர், ஒரே நேரம், பால் கூடாது. நிறம் தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு "மலையா, தாழ்நிலமா?" என்று கேளுங்கள். இந்த ஆட்டம் முடிந்தால் எல்லோரும் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போய்ப் படுத்தால் நித்திரை வருமா என்பது வேறு விஷயம்.