நம் மண்ணின் ஆகாரமும் நம் வீட்டுப் பந்தியும்

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூடுகையில், ஆதரவாளர்கள் முன்னிலையில், கிராம நலப் பிரிவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த ஆண்டும் உங்கள் ஜெபங்களும் காணிக்கைகளும் இந்த ஊழியத்தைத் தாங்கி வந்தன. தூரத்திலிருந்து பிரயாணம் செய்து வந்திருக்கிற உங்களுக்கு எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்டட வேலையைப் பற்றியும் புதிதாக வாங்கிய கருவிகளைப் பற்றியும் சொல்லுவோம். இம்முறை அடுப்பங்கரையைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். ஒரு குடும்பம் தன் ஊரில் விளைவதைச் சாப்பிடுகிறதா? அப்படிச் சாப்பிட்டால், அது அந்த வீட்டில் எல்லாருக்கும் கிடைக்கிறதா? நீங்கள் அனுப்பித் தருகிற மருந்து நிலைத்துப் பலன் தருவது இந்த இரண்டு கேள்விகளையும் பொறுத்திருக்கிறது.

தருமபுரி மாவட்டத்து மேட்டுநிலக் கிராமங்களிலிருந்து எங்களிடம் வருகிற தாய்மார்களிலும் சிறு பிள்ளைகளிலும் இரத்தசோகை உள்ளவர்கள் மிகவும் அதிகம். இது எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய குறையல்ல. 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. வெளுத்துப்போன தாய்க்குப் பிரசவத்தில் சாதாரணமாக ஏற்படும் இரத்த இழப்பைக்கூடத் தாங்கச் சக்தியிராது. மற்றத் தாய் எழுந்து உட்காருகிற நேரத்தில், இவள் உயிருக்குப் போராடுவாள். பிரசவ வார்டில் இரவு வேலை பார்க்கிற எங்கள் நர்ஸ்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இப்படிப்பட்டவர்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோம், பூச்சி மருந்து கொடுக்கிறோம், தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுகிறோம். முகம் தெளிந்து வீட்டுக்குப் போகிறார்கள். சில மாதங்கள் கழித்து அதே தாய் அதே வெளுத்த முகத்தோடு திரும்பி வருகிறாள். அவள் கேட்பது இன்னொரு டானிக் பாட்டில். அதனால்தான் எங்கள் கிராம நல ஊழியர்கள் மருந்துப் பெட்டியோடு நின்றுவிடாமல், வீடுகளுக்குள் போய் அடுப்பையும் சட்டியையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்டவற்றில் சிலவற்றைச் சொல்லுகிறோம். வாசலிலேயே முருங்கை மரம் நிற்கிறது. காய் சந்தைக்குப் போகிறது, கீரை ஆட்டுக்குப் போகிறது. கோழி முட்டையிடுகிறது. முட்டையை விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட்டும் வர்க்கியும் வாங்குகிறார்கள். கறக்கிற பாலில் கடைசித் துளிவரை சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, வீட்டுக்குக் கடுங்காப்பி போடுகிறார்கள். கொல்லையில் பப்பாளி பழுத்து அணில் கொத்துகிறது. பிள்ளைக்குக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கையில் காசில்லாத வீட்டுக்கு முட்டையும் பாலுமே பணம். எங்கள் மேட்டு நிலத்தில் ஒரு காலத்தில் கேழ்வரகும் சாமையும் முக்கிய உணவாக இருந்தன. மானாவாரி நிலத்தில் ஆடி மாதம் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகு அறுப்பார்கள். ஓரத்திலும் ஊடேயும் அவரை, துவரை, மொச்சை, எள் என்று போட்டிருப்பார்கள். ஒரே கொல்லையில் தானியமும் பருப்பும் எண்ணெயும் கிடைத்தன. பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. தக்காளியும் பூவும் மாந்தோப்பும் வந்தன. சாமையைக் குத்திப் புடைப்பதோ பெண்களின் முதுகை முறிக்கிற வேலை. பாதி நாள் உரலில் குத்தினால்தான் ஒருநாள் சோறு. அதை விட்டுவிட்ட தாய்மாரை யார் கடிந்துகொள்ள முடியும்?

ரேஷன் அரிசியையும் நாங்கள் குறை சொல்லமாட்டோம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் வயிறு நிறைவது ஒன்று, சரீரம் சத்தடைவது வேறொன்று. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் தண்ணீர் ரசமும் மட்டும் உண்ணும் தாய்க்கு வயிறு நிறையும், இரத்தம் ஊறாது.

எங்கள் மண்ணில் விளைவதில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 முதல் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும், கண் பார்வையைக் காக்கும் ஏ வைட்டமினுக்கு வேண்டிய சத்தும் உண்டு. அரிசியைவிடக் கம்பில் இரும்புச் சத்து பல மடங்கு அதிகம். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை இவை உடலை வளர்க்கும் புரதம் தருகின்றன. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள சி வைட்டமின், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவுகிறது. ஆகவே கீரைக் கடைசலில் எலுமிச்சை பிழிந்தால் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த நன்மை குறைந்துபோகும். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அதிலுள்ள சத்து இன்னும் நன்றாகச் சேரும்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு காரியமும் உண்டு. இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வளைவும் உண்டாக்குகிற இந்தக் கேட்டைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அது 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. சுண்ணாம்புச் சத்து குறைந்த பிள்ளைகளையே புளோரைடு அதிகமாகத் தாக்கும். நல்ல தண்ணீர்தான் இதற்கு முதல் பரிகாரம். அதற்கு அடுத்தபடியாகக் கேழ்வரகும் கீரையும் பாலும் துணை நிற்கின்றன.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். இதுவே கடினமான கேள்வி. நல்ல ஆகாரம் வீட்டுக்குள் வந்தாலும் அது எல்லாருடைய தட்டுக்கும் வருகிறதில்லை. முதலில் ஆண்கள், அடுத்து பிள்ளைகள், பிறகு மாமியார். கடைசியில் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறவள் மருமகள். அவளே கர்ப்பிணி, அவளே பால் கொடுக்கிறவள். பருப்பு அடியில் தங்காது, முட்டை மிஞ்சாது. அவளுக்குக் கிடைப்பது சோறும் நீர்த்துப்போன குழம்பும்தான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஏழு மாதக் கர்ப்பிணியாக வந்த ஒரு பெண்ணுக்கு இரத்தத்தின் அளவு எட்டு கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்கவேண்டும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன் என்றாள், உண்மையாகவே சாப்பிட்டாள். எங்கள் ஊழியர் அவள் வீட்டுக்குப் போனபோது அவளோடு பேசவில்லை, மாமியாரோடு பேசினார். "அம்மா, பிறக்கப்போகிறது உங்கள் பேரப்பிள்ளை. முதல் கரண்டியை இவளுக்குப் போடுவீர்களா?" என்று கேட்டார். அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு யாரும் அப்படிப் போட்டதில்லை" என்றார். மறுவாரம் போனபோது களியும் கீரையும் முதலில் மருமகளுக்கு வைத்திருந்தார். வீட்டுக் கோழியின் முட்டையில் தினம் ஒன்றை விற்காமல் நிறுத்தியிருந்தார். மாத்திரையும் தொடர்ந்தது. பிரசவம் சுகமாக முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கலிலேயாக் கடலுக்கு அக்கரையில் நம் ஆண்டவர் கையில் எடுத்தது வாற்கோதுமை அப்பம். அது அந்த நாட்டில் ஏழைகள் சாப்பிட்ட தானியம். அவர் அதை அற்பமாக எண்ணவில்லை. ஸ்தோத்திரம் பண்ணிப் பங்கிட்டார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். உள்ளூர்த் தானியத்தைக் கனப்படுத்துவது, பந்தியில் ஒருவரையும் விட்டுவிடாதிருப்பது என்று இரண்டு பாடங்களை நாங்கள் அதில் காண்கிறோம். கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட மற்றவர் பசியாயிருந்ததைப் பவுல் கடிந்துகொண்டதும் நமக்குத் தெரியும். அந்தக் கடிதல் நம் அடுப்பங்கரைக்கும் பொருந்தும்.

நாங்கள் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. கீரை சாப்பிடுகிறோம் என்று ஒருவரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. கடுமையான இரத்தசோகைக்கு ஆகாரம் மட்டும் போதாது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். கேழ்வரகுக் கூழ் அதற்குப் பிறகுதான். உள்ளூர்ப் பொருள் என்று அயோடின் சேராத கல்லுப்பை வாங்கவேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கேழ்வரகு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று எண்ணுவதும் தவறு. மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். அளவோடு, கீரையும் பயறும் சேர்த்துச் சாப்பிடவேண்டும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. ஆகையால் இந்த எச்சரிப்பு நகரத்திலிருந்து வந்திருக்கிற உங்களுக்கும் உரியது.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி இந்தப் பணிக்குச் செலவாகிறது. பிள்ளைகள் வார்டுக்குப் பின்புறம் ஒரு சிறு சமையல் கொட்டகை இருக்கிறது. பிள்ளையோடு தங்கியிருக்கிற தாய்மார் தாங்களே அங்கே முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையும் பயற்றங்கஞ்சியும் செய்து பழகுகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது மருந்துச் சீட்டோடு ஒரு பப்பாளி நாற்றும், அவரை, பூசணி, தண்டுக்கீரை விதைப் பொட்டலமும் கொடுக்கிறோம். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வீணாக்காமல் வாய்க்கால் வெட்டிச் செடிக்கு விடச் சொல்லிக்கொடுக்கிறோம். நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. ஆடு மேய்வதும் உண்டு, தண்ணீரில்லாமல் காய்வதும் உண்டு. பிழைத்த மரமோ, டானிக் தீர்ந்த பின்பும் நிற்கிறது.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் உண்டு. டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலேயும் அவர் மனைவி டாக்டர் மேபெல் ஆரோலேயும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். 1970-ல் மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்னும் வறண்ட ஊரில் ஊழியம் தொடங்கினார்கள். அங்குள்ள மக்களின் முதல் தேவை தண்ணீரும் ஆகாரமும் என்று கண்டு, மருத்துவத்தோடு அவற்றுக்காகவும் உழைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதார ஊழியராக்கினார்கள். 1979-ல் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது. அரசும் இப்போது இந்தத் தானியங்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது.

பிரியமானவர்களே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் ஊரைச் சுற்றி விளைந்ததைக் கொண்டே சமையுங்கள். உங்கள் வீட்டில் களியும் கூழும் மதிப்பாக உண்ணப்பட்டால்தான், அது ஏழையின் சாப்பாடு என்று எங்கள் மக்கள் வெட்கப்படுவது நிற்கும். அன்றைக்கு வீட்டில் எல்லாரும், சமைத்தவர் உட்பட, ஒரே பந்தியில் உட்காருங்கள்.

இரண்டாவது, நம் சபைகளின் தாய்மார் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அந்தப் பிடி அரிசியோடு ஒரு பிடி பயறோ கேழ்வரகோ சேர்த்து எடுத்துவையுங்கள். எங்கள் சமையல் கொட்டகைக்கு அது நேராக உதவும். அறுப்பின் பண்டிகையிலும் கடையில் வாங்கிய ஆப்பிளைவிட, உங்கள் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, ஜெபியுங்கள். பருவமழைக்காகவும், வீடு வீடாக நடக்கிற எங்கள் ஊழியர்களுக்காகவும், முதல் கரண்டி யாருக்கு என்று தீர்மானிக்கிற மாமியார்மாருக்காகவும் ஜெபியுங்கள்.

மண்ணை விளையச்செய்கிற கர்த்தர் உங்கள் வீட்டுப் பந்தியையும் எங்கள் வார்டிலுள்ள தாய்மாரின் பந்தியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.