பியானோவுக்கு எண்ணெய் வேண்டாம்

கருங்குழியில் எங்க வீட்டுப் பழைய பியானோவில், மழை ஆரம்பிச்சதும் ஏழு கட்டை மக்கர் பண்ணுது. அழுத்தினா சுத்தியல் மேலே போய் அங்கேயே நிக்குது. டிசம்பரில் அக்கா பொண்ணுக்கு கிரேடு எக்ஸாம். அவசரத்தில் மூணு கட்டைக்கு எண்ணெய் விட்டேன். செய்யவே கூடாது!

சுத்தியல் ஆடுறது சென்டர் பின் மேல, சுமார் 1.27 மி.மீ. தடிமன். அதைச் சுத்தி மரத்துளைக்குள்ள கம்பளித் துணி. ஈரத்தில் துணி உப்பி பின்னைப் பிடிச்சுக்கும். எண்ணெய் குடிச்சா பிசுபிசுத்துடும்.

பின்னைத் தள்ளி எடுத்து, துளையை ரீமரால் லேசா தேய்ச்சு, புதுசு போடணும். துணி தேஞ்சு சுத்தியல் பக்கவாட்டில் ஆடினா, அரை சைஸ் பெரிய பின். வித்தியாசம் வெறும் 0.025 மி.மீ. தான்! சுத்தியலைக் கழட்டி ஆட்டிப் பாருங்க, சட்டுன்னு நின்னா இன்னும் இறுக்கம்.

நாலு முடிச்சாச்சு. எண்ணெய் விட்ட மூணுக்கும் துணியையே மாத்தணும். அது அடுத்த ஞாயிறு.