வேலையைக் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்



கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஓர் இடம் உண்டு. மிளகும் சுக்கும் விற்கும் பழைய கடைத்தெரு அங்கே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் ஃபோர்ட் கொச்சிக் கரை. அந்தக் கரையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் வல்லார்பாடம் தீவு தெரியும். அங்கே பெரிய பெரிய கிரேன்கள் நிற்கும். கப்பலில் வரும் கன்டெய்னர்களை அவை தூக்கி இறக்கும். கன்டெய்னர் என்பது சரக்கு அடைத்த இரும்புப் பெட்டி.

அந்த இடம் கொச்சித் துறைமுகத்துக்குச் சொந்தம். ஆனால் அங்கே கன்டெய்னர் வேலையை நடத்துவது வேறு ஒரு நிறுவனம். அதன் பெயர் டி.பி. வேர்ல்டு. அது துபாயைச் சேர்ந்தது. 2005ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஆயிற்று. 2011 பிப்ரவரியில் முனையம் திறக்கப்பட்டது.

சொந்தக்காரர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர். இது ஏன்?

கன்டெய்னர் வேலை ஒரு தனி நுட்பம். அதற்குப் பழகிய ஆட்கள் வேண்டும். அதனால் துறைமுகம் அந்த வேலையை வெளியே கொடுத்தது. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தன் கையே தனக்கு உதவி என்பார்கள். ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே கை போதாது.

துறைமுகம் அந்த வேலையை வாய்ப்பேச்சில் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது. எத்தனை ஆண்டு? 30 ஆண்டு. துறைமுகத்துக்கு என்ன பங்கு? வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. யார் எந்த வேலையைச் செய்வது? அதையும் எழுதினார்கள்.

கப்பல் வரும் வழியில் எப்போதும் மண் வந்து சேரும். அதைத் தூர் வாரி ஆழமாக வைத்திருப்பது துறைமுகத்தின் பொறுப்பு என்று ஆயிற்று. பெரிய கப்பலுக்கு 14.5 மீட்டர் ஆழம் வேண்டும். மண் சேரச் சேர வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு துறைமுகத்துக்குப் பெரும் சுமையாக இருந்து வந்திருக்கிறது. காகிதத்தில் உள்ள ஒரு வரிக்கு எவ்வளவு கனம் பார்த்தீர்களா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஒப்பந்தத்துக்கும் பொருந்தும்.

பெரிய துறைமுகத்தின் கதை இருக்கட்டும். ஒரு சின்ன மாவு மில்லுக்கு வருவோம். ஒரு பெண் அதை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவின் பதம் அவருக்கு நன்றாகத் தெரியும். மோட்டார் வேலை தெரியாது. ஒரு நாள் மோட்டார் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார்.

"அக்கா, காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் செய்ய வேண்டும்."

"சரி தம்பி, செய்யலாம். ஏன் எரிந்தது?"

"மூன்று பேஸில் ஒன்று போயிருக்கிறது. மோட்டார் மீதி இரண்டில் ஓடியிருக்கிறது. சூடு தாங்கவில்லை."

"அப்படியானால் புதுக் காயிலும் எரியுமே?"

"எரியலாம் அக்கா. ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி இருக்கிறது. அதையும் மாட்டிவிடலாம்."

"எவ்வளவு ஆகும்? எத்தனை நாள்? பழைய செம்புக் கம்பிக்கு எவ்வளவு கழிப்பீர்கள்? மறுபடி எரிந்தால் எத்தனை மாதம் வரை காசு வாங்காமல் பார்ப்பீர்கள்? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தம்பி."

அந்த அக்கா மோட்டாரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார். "ஏன் எரிந்தது?" என்று கேட்காமல் இருந்தால் அடுத்த மாதமும் அதே செலவு வந்திருக்கும். நல்ல மெக்கானிக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்து, பதிவு வேலை. சிறு தொழில்களுக்கு உத்யம் என்ற அரசுப் பதிவு உண்டு. 2020 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். அரசுக்குக் கட்டணம் கிடையாது. பதிந்து தரும் ஆள் தன் உழைப்புக்குக் கூலி கேட்கலாம். "இது அரசாங்கக் கட்டணம்" என்று சொன்னால் அது பொய்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவில் ஒரு செல்போன் எண் கொடுக்க வேண்டும். சிலர் அவசரத்தில், "உங்கள் எண்ணையே போடுங்கள், தம்பி" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பதிவுக்கான ரகசிய எண் அந்தத் தம்பியின் போனுக்குப் போகும். அவர் ஊர் மாறினால் என்ன ஆகும்? சண்டை வந்தால் என்ன ஆகும்? தொழில் ஒருவருடையது, சாவி மற்றவரிடம் என்று ஆகிவிடும். செல்போன் எண், மின்னஞ்சல், கடவுச்சொல் இந்த மூன்றும்தான் இன்றைய சாவி. அவை சொந்தக்காரரின் பெயரில், அவர் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பண வேலை. செல்போன் வழியாகப் பணம் பெற யாரிடமும் பின் எண்ணைச் சொல்ல வேண்டாம். பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும். "பணம் வரும், பின்னைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவர் திருடர். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள்.

ஆகவே, தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் நான்கு கேளுங்கள்:

என்ன வேலை?
எவ்வளவு பணம்?
எத்தனை நாள்?
கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

பதிலை எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். வேலையைப் பார்த்தபின் மீதியைக் கொடுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அப்போதுதான் நல்ல ஆள் மறுபடி வருவார்.

வல்லார்பாடம் இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தில். இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று 1990 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்டது அந்த மாவட்டம்தான். கைநாட்டு வைத்த ஆயிரம் ஆயிரம் பேர் அங்கே எழுதப் படிக்கக் கற்றார்கள். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அவர்கள் கற்கவில்லை. போடும் முன் படித்துப் பார்க்கவும் கற்றார்கள்.

யாராவது ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். "கொஞ்சம் இருங்கள், படித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். மெதுவாகப் படித்தாலும் பரவாயில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. காத்திருக்க மாட்டேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.