அம்மு என்றால் சித்தப்பா

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது பற்றி இதுபோன்ற கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. தமிழ்ப் பெயரா, வடமொழிப் பெயரா என்ற அந்தச் சண்டைக்குள் இன்று நான் போகப்போவதில்லை. நான் பேச வந்தது செல்லப்பெயர் பற்றி, அதிலும் பெண்குழந்தையின் செல்லப்பெயர் பற்றி.

இங்கே குழந்தை பெற்றவர்களுக்குத் தெரியும், சான்றிதழ்ப் பெயரை ஆற அமர யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாட்களுக்குள் குடியிருப்பு விசா எடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட். எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அறிவிப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதுவரை, முன்னெழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்த நமக்குக் கொஞ்சம் வயிறு கலங்கத்தான் செய்தது. ஆக, அந்தப் பெயர் அலுவலகங்களுக்கானது. செல்லப்பெயர் எந்தக் கவுண்டருக்கும் போவதில்லை. ஆனால் லிஃப்டில் கேட்கும், பூங்காவில் கேட்கும், பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் இடத்தில் சத்தமாகக் கேட்கும்.

ஷார்ஜா அல் நஹ்தாவில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, சிவகங்கைப் பக்கத்துக்காரர். இரண்டாவதும் பெண் பிறந்திருந்தது. "அண்ணா, அம்முன்னு கூப்பிடலாம்னு இருக்கோம். அரபியில அது சித்தப்பாவாமே, சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

உண்மைதான். அம்மு என்றால் அரபியில் தகப்பனின் சகோதரர். சொந்தக்காரர் என்றில்லை, கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அப்பா வயது ஆண்கள் எல்லோரையும் அரபுக் குழந்தைகள் அப்படித்தான் கூப்பிடுகின்றன. அவர்களுடைய அம்மு தொண்டை அடியிலிருந்து எழும் ஐன் என்ற எழுத்தில் தொடங்குகிறது. நம் காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. அம்மு மட்டுமா? அரபியில் 'ப' வல்லோசை கிடையாது, பெப்சியே பெப்ஸி என்று மெல்லிய உதட்டொலியோடுதான் வரும். அதனால் நம் பாப்பா அவர்கள் வாயில் 'பாபா' ஆகிவிடுவாள், அதாவது அப்பா. நம் மாமா அவர்களுக்கு அம்மா. நம் சித்தி பாலஸ்தீன, சிரியக் குழந்தைகளுக்குப் பாட்டி. பட்டு என்று கூப்பிட்டால் வாத்துக்கான சொல் பக்கத்தில் வந்து நிற்கும். அதில் தப்பில்லை, எகிப்தில் கொழுகொழு பெண்குழந்தையை வாத்து என்றே கொஞ்சுவார்கள். நிக்கி என்ற பெயரை மட்டும் இந்த ஊரில் கொஞ்சம் யோசித்து வையுங்கள். ஏன் என்று மேடையில் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது வேறு. அரபு வீடுகளில் ஒரு அழகான வழக்கம் உண்டு. அம்மா தன் பிள்ளையை 'மாமா' என்று கூப்பிடுவாள். அப்பா தன் மகனை 'பாபா' என்பார். பிள்ளை எந்த உறவுச் சொல்லால் நம்மைக் கூப்பிடுமோ, அதையே திருப்பிப் பிள்ளைக்குக் கொடுப்பது. அந்தக் கணக்கில் சித்தப்பா தன் அண்ணன் மகளை எப்படிக் கூப்பிடுவார்? அம்மு என்றுதான். ஒரு சிரியாக்காரர் பூங்காவில் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து "வா அம்மு" என்று அவர் மொழியில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இது நமக்குப் புதிதா? பெற்ற மகளை "என்னம்மா, சாப்பிட்டியாம்மா" என்று கேட்காத தமிழ் அப்பா உண்டா? அம்மு என்ற சொல்லே அம்மாவைக் குட்டியாக்கியதுதானே? மாமியார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்று இருந்த காலத்தில், பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைத்துவிட்டு, வாயில் வராத அந்தப் பெயருக்குப் பதிலாக அம்மாளு, பாப்பா என்று ஏதாவது கூப்பிட்டார்கள். ஜெயலலிதாவுக்கு வீட்டில் அம்மு என்றுதான் பெயர். அம்முவாக இருந்தவரைத்தான் கட்சியும் ஊரும் அம்மா ஆக்கின. அருந்ததி ராயின் நாவலில் அம்மு ஒரு தாய். இத்தனை பேர் புழங்கிய பெயரைக் கேட்டு ஒரு அரபுப் பையன் இரண்டு நாள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்றாம் நாள் அவனும் அம்மு என்றே கூப்பிடுவான்.

என்னை உறுத்தியது வேறொன்று. அந்த வீட்டில் மூத்த பெண்ணுக்கு ஆறு வயது. ஊரிலிருந்து அப்பத்தா போட்டிமில் வந்தால் முதல் வார்த்தையே "ஏ கருவாச்சி" தான். இளையவளின் பெயருக்கு அரபியில் என்ன அர்த்தம் என்று தேடியவர், மூத்தவளின் பெயருக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. கேட்டபோது, "வைரமுத்து காவியமே எழுதியிருக்காரேண்ணா" என்றார்.

அப்பத்தாவிடம் தப்பில்லை. கருப்பசாமி காவல் நிற்கும் ஊரில் கருப்பு தெய்வத்தின் நிறம். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்களே, அது எமனை ஏமாற்ற. அந்தப் பெயரின் அன்பு சுற்றியிருந்த ஊருக்கே தெரியும். ஷார்ஜாவில் பதினோராவது மாடியில் வளரும் பெண்ணுக்குக் கருப்பசாமியைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்பில் யார் சிவப்பு, யார் கருப்பு என்பதும், முகக் கிரீம் விளம்பரமும்தான். ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது, பார்க்கிறவர்களின் கண் மாறவில்லை. வாரம் ஒருமுறை திரையில் தெரியும் அந்த முகம்தான் அவளுக்கு ஊர். ஊர் அவளைப் பார்த்ததும் சொல்லும் முதல் சொல் அவள் நிறம் என்றால்?

வேண்டுமென்றே காயப்படுத்தும் பெயர்களும் நம்மிடம் இருக்கின்றன. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் வேண்டாம் என்று பெயர் வைக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், அடுத்தது பையனாகப் பிறக்கட்டும் என்பதற்காக. போதும்பொண்ணு நமக்கெல்லாம் தெரிந்த பெயர். மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் நகுசா, அதாவது வேண்டாதவள், என்ற பெயரோடு இருந்த 285 பெண்களுக்கு விழா நடத்திப் புதுப் பெயர் கொடுத்தார்கள். அவை சான்றிதழில் இருந்ததால் அரசு வந்து மாற்ற முடிந்தது. குண்டு, கருப்பி, தெத்துப்பல்லி என்று வீட்டுக்குள் கூப்பிடுவதை மாற்ற எந்த ஆட்சியர் வருவார்?

அந்நியர்கள் என்ன நினைப்பார்கள் என்று இணையத்தில் தேடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் தப்பாகக் கேட்பது இரண்டு நாள் வேடிக்கை. சரியாகக் கேட்டு, சரியாகப் புரிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு "என்ன அப்பத்தா" என்று போய் நிற்பவள் நம் பெண். ஏழெட்டு வயதில் "என் ஃபிரெண்ட்ஸ் முன்னாடி அப்படிக் கூப்பிடாதீங்க" என்று அவள் சொன்னால், அந்தப் பெயர் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதில் வாதாட நமக்கு எதுவும் இல்லை.

அப்பத்தாவிடம் இதை யார் சொல்வது என்று கேட்பீர்கள். மருமகள் சொன்னால் சண்டை, மகன் சொன்னால் வருத்தம். அந்தத் தம்பி சொல்லவே இல்லை. "ஆத்தா, ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரு செல்லப்பெயர் இருக்காம், நீயே இவளுக்குப் புதுசா ஒண்ணு வையி" என்று பெண்ணையே கேட்க வைத்தார். கிழவி ஒரு வாரம் யோசித்து, அடுத்த வெள்ளிக்கிழமை "சிட்டு" என்றார். தம்பிக்குப் பழக்கதோஷம், அரபியில் என்ன அர்த்தம் என்று உடனே எனக்குச் செய்தி அனுப்பினார். கிட்டத்தட்ட அதே ஒலியில் 'சித்' என்றால் சீமாட்டி என்று பதில் போட்டேன்.