நாற்சந்தி ஒழுக்கம்



சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கவேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் செல்லவேண்டும். இதனை அறியாத குழந்தை இல்லை. "இதைப் பற்றிச் சொற்பொழிவும் வேண்டுமோ?" என்று நீங்கள் கேட்கலாம். அறிவதில் நமக்குக் குறைவில்லை. அறிந்தபடி ஒழுகுவதில்தான் குறை. ஆதலின், சிவப்பு விளக்கை மதியாமல் நாற்சந்தியைக் கடப்பதனால் விளையும் தீங்கைக் கணக்காலும் கருத்தாலும் இன்று சற்று ஆராய்வோம்.

சைகை விளக்கின் வரலாறு மோட்டார் வண்டியின் வரலாற்றைவிடப் பழமையானது. 1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லண்டன் மாநகரில், பாராளுமன்றத்தின் அருகே முதல் விளக்குக் கம்பம் நாட்டப்பட்டது. அதனை வகுத்தவர் ஜே. பி. நைட் என்னும் இரயில்வேப் பொறியாளர். பகலில் கைகாட்டி மரம்போல் கைகள் நீளும். இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயுவிளக்கு எரியும். அடுத்த மாதமே வாயு வெடித்து, அதனை இயக்கிய காவலர் காயமுற்றார். பின்னர் 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மின்விளக்குச் சைகை அமைந்தது. 1920இல் டெட்ராய்ட் நகரக் காவல்துறையைச் சேர்ந்த வில்லியம் பாட்ஸ் என்பவர், சிவப்புக்கும் பச்சைக்கும் துணையாக மஞ்சளையும் சேர்த்து மூவண்ண விளக்கை அமைத்தார்.

இந்த மஞ்சள் விளக்கைத்தான் நம்மவர் பெரிதும் தவறாகப் பொருள்கொள்கின்றனர். "இன்னும் விரைந்து ஓடு" என்று அது கட்டளையிடுவதாக எண்ணுகின்றனர். அது அன்று; "நிற்க ஆயத்தமாகு" என்பதே அதன் பொருள். ஏன் அந்த இடைவேளை வேண்டும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. விளக்கைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு வினாடி போய்விடுகிறது என்று கொள்வோம். பிரேக் பிடித்த பின்னும், நல்ல உலர்ந்த சாலையில்கூட, வண்டி இன்னும் சுமார் 28 மீட்டர் ஓடியே நிற்கும். ஆக மொத்தம் 45 மீட்டர். அதே வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 23 மீட்டரில் நின்றுவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால், நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. மழை பெய்த சாலையாயின் இன்னும் மிகும்.

1960ஆம் ஆண்டில் காசிஸ், ஹெர்மன், மரதுதின் என்னும் மூன்று அறிஞர்கள் மஞ்சள் விளக்கைப் பற்றிக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மஞ்சள் எரியும் நேரம் போதாதாயின், நிற்கவும் இயலாமல், கடக்கவும் இயலாமல் ஓட்டுநர் தத்தளிக்கும் பகுதி ஒன்று சந்திக்கு முன்னே உண்டாகும் என்று அவர்கள் காட்டினர். ஆகவேதான் மஞ்சளின் கால அளவைச் சாலையின் வேகத்தோடு பொருத்தி அமைக்கவேண்டியிருக்கிறது. அந்த வேகத்தை மீறிப் பறப்பவர், தம்மைக் காப்பதற்காகப் போட்ட கணக்கைத் தாமே அழித்துவிடுகிறார்.

"மறுபக்கம் ஒருவரும் வரவில்லையே, ஐயா! அப்போது போனால் என்ன?" என்று மாணவர் சிலர் வாதிடுவதுண்டு. இதற்கும் கணக்கே விடை கூறும். 25 மீட்டர் அகலமுள்ள சந்தியை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க மூன்று வினாடிகள் ஆகும். அந்த மூன்று வினாடிகளில், குறுக்குச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 50 மீட்டரைக் கடந்துவிடுவார். நாம் பார்த்தபோது அவர் ஒரு பேருந்தின் மறைவிலோ, மதிலின் மறைவிலோ இருந்திருக்கலாம். வெறுமையாகத் தோன்றிய சாலை, நாம் நடுச்சந்தியை எய்தும்போது வெறுமையாக இராது.

இத்தகைய மோதல் பெரும்பாலும் பக்கவாட்டில் நிகழ்வது. காரின் முன்புறத்தில் இயந்திரமும் இரும்புச் சட்டமும் மோதலின் வேகத்தைச் சிறிது தாங்கும். பக்கவாட்டில் அமர்ந்திருப்பவருக்கும் மோதும் வண்டிக்கும் இடையே ஒரு கதவுதான் உண்டு. இருசக்கர வண்டியில் செல்பவருக்கும், நடந்து செல்பவருக்கும் அக்கதவும் இல்லை.

இதனினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. பச்சை விளக்கு என்பது முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் அளித்துக்கொள்ளும் வாக்குறுதி. "நீ செல், நான் நிற்கிறேன்" என்பதே அதன் பொருள். அதனை நம்பி ஒரு தாய் குழந்தையைக் கைப்பிடித்துச் சாலையைக் கடக்கிறாள். வேலை முடிந்த தொழிலாளி மிதிவண்டியில் வீடு திரும்புகிறார். விதியை மீறுபவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் பணயம் வைப்பது விதியை நம்பி வந்தவரின் உயிரையே. தவறு செய்பவர் ஒருவர், துன்புறுபவர் வேறொருவர். எனவேதான் இதனைத் துணிவு என்று சொல்ல என் மனம் ஒப்புவதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதனைச் சிறு குற்றமாகக் கருதவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சாலைச் சைகைகளுக்குக் கீழ்ப்படிவதை ஓட்டுநரின் கடமையாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், சிவப்பு விளக்கைத் தாண்டிச் செல்வதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தின்கீழ் வெளிப்படையாகவே சேர்த்தது. ஆயினும், காவலர் நிற்கும்போது மட்டும் நிற்பது அச்சம். காவலர் இல்லாத நள்ளிரவிலும் நிற்பதே ஒழுக்கம்.

இவ்வளவு ஆபத்தையும் விலையாகக் கொடுத்து நாம் பெறுவது யாது? ஒரு நிமிடம், அல்லது இரண்டு நிமிடம். பல வேளைகளில் அடுத்த சந்தியின் சிவப்பு விளக்கு அதனையும் பறித்துக்கொள்ளும்.

உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் உரிமம் பெற்று வண்டி ஓட்டப்போகிறீர்கள். மஞ்சளைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். நிறுத்தக் கோட்டுக்குள் நில்லுங்கள். பின்னால் நிற்பவர் ஒலிப்பானை அழுத்துகிறார் என்பதற்காக நகராதீர்கள். பச்சை வந்த பின்னும் இருபுறமும் நோக்கியே புறப்படுங்கள். ஏனெனில் எல்லாரும் வாக்கைக் காப்பவரல்லர். வீட்டுப் பெரியவர் ஓட்டும்போது அவர் சிவப்பைக் கடக்க முற்பட்டால், "சற்றுப் பொறுங்கள், அப்பா" என்று பணிவோடு சொல்லுங்கள். பிள்ளையின் சொல்லுக்குக் காவலரின் சீட்டினும் வலிமை மிகுதி.