எரிமலைப் பாறையும் கடல் நுண்ணோடும்



மன்னார் என்றவுடன் முத்தும் சங்கும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் அவ்வளைகுடாவின் பழங்கணக்கைக் காத்து வைத்திருப்பவை மணற்பருக்கையினும் சிறிய ஓடுகளே. போராமினிபெரா எனப்படும் ஓரணுவுயிர்களிற் பல சுண்ணாம்பு ஓடு கட்டி வாழ்கின்றன. அவை மடிந்தபின் அவ்வோடுகள் கடலடிச் சேற்றிற் படிந்து, நாளடைவில் பாறையோடு பாறையாகின்றன.

1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் எண்ணெய் தேடிக் கிணறுகள் துளைக்கப்பட்டன. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் ஆழ்கடலில் டொராடோ, பரகுடா என்னும் கிணறுகளைத் துளைத்து இயற்கை வாயுவைக் கண்டது. பரகுடாக் கிணறு 4,700 மீற்றருக்கும் கீழே இறங்கியது. அங்கே படிவுப் பாறைகளுக்கிடையே எரிமலைப் பாறையும் குறுக்கிட்டது.

அதன் வயது யாது? தீக்குழம்பில் உயிர்ச்சுவடு ஏது? கதிரியக்க முறையால் அளக்கலாம். எனினும் நெடுங்காலம் கடல்நீர் ஊறிய பாறையிற் பொற்றாசியம் கூடியும் குறைந்தும் போவதால் விடை பிழைபடக்கூடும். அப்போது சான்று கூறுபவை, மேலும் கீழும் உள்ள படிவுகளின் நுண்ணோடுகளே.

குளோபோட்ரங்கானா என்னும் இனம், டைனோசர்கள் மறைந்த 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்காலத்திலேயே அற்றுப்போயிற்று. கடலடியிற் பரவி உறைந்த எரிமலைக் குழம்பின்மேற் படிந்த சேற்றில் அதன் ஓடுகள் இருப்பின், கீழுள்ள பாறை அக்காலத்தினும் மூத்தது என்பது தெளிவு. பரகுடாவின் எரிமலைப் பாறையும் பிந்திய கிரீத்தேசியக் காலப் படிவுகளுக்கிடையே கிடப்பதே.

ஆயினும் இச்சான்றை விசாரியாது ஏற்றலாகாது. பழைய அடுக்குகளின் இடையே பிற்காலத்திற் புகுந்து உறைந்த குழம்பும் உண்டு. அது தன்மேலுள்ள படிவையும் சுட்டிருக்கும். அன்றியும், துளைக்கும்போது மேலடுக்கின் துகள்கள் கீழே உதிர்ந்து கலக்கும். ஆதலால், ஓர் இனம் கிணற்றில் எத்துணை ஆழம்வரை காணப்படுகின்றது என்பதினும், மேலிருந்து இறங்குகையில் முதன்முதல் எங்கே தோன்றுகின்றது என்பதையே ஆய்வாளர் நம்புவர். அவ்வினம் அற்றுப்போன காலத்தை அவ்விடமே குறிக்கும்.

இக்கணக்கால் விளையும் பயன் பெரிது. உயிர்ப்பொருள் புதைந்து வெந்து வாயுவாகிய காலத்துக்கு முன்பே, அதனைத் தேக்கும் பாறை அமைப்பு உருவாகியிருத்தல் வேண்டும். பின்னர் உருவாயின், வாயு தங்க இடமின்றி வெளியேறிவிடும். பாறையின் வயதைப் பிழையாகக் கணித்தால், பெரும்பொருள் செலவிட்டுத் துளைத்த கிணறு வறிதாகலாம்.

ஒருகாலத்தில் மன்னார்க் கடலில் மூழ்கியோர் சிப்பியைப் பிளந்து முத்தைத் தேடினர். இன்று நுண்பெருக்கியின் கீழ், வெறும் ஓடே முத்தினும் அரிய செய்தியைத் தருகின்றது.